காப்பித்தோல் ஊறலும் இரண்டு ஆரஞ்சுப் பெட்டிகளும்

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய அறிவியல் ஆசிரியர் உயர்திரு தங்கவேலு அவர்களின் சமூகத்திற்கு, ஏற்காடு கடைவீதி மளிகைக்கடை கதீஜா பணிவுடன் எழுதிக்கொள்வது. வணக்கம்.

இம்மடல் மிகவும் காலந்தாழ்ந்து வருகிறது. தாங்கள் பொறுத்தருள வேண்டும். தங்கள் நினைவாகப் பள்ளி வெளியிடும் மலருக்கு மற்றவர்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சேலத்து அச்சகத்துக்காரர் இருமுறை ஆள் அனுப்பிக் கேட்ட பின்னரே நான் பேனாவைத் திறக்கிறேன். சரியாகச் சொன்னால் இரண்டாம் முறையாகத் திறக்கிறேன். முதலில் எழுதிய அஞ்சலியைக் கிழித்துவிட்டேன். ஏன் கிழித்தேன் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

நலம் விசாரிக்கும் வழக்கத்தை இந்த ஒருமுறை விட்டுவிடுகிறேன். தங்கள் நலத்தைக் கேட்டறிய எனக்கு வழியில்லை. என் நலத்தைச் சொல்லத் தொடங்கினால் சண்டையில்தான் போய் நிற்கும். அது சற்றுப் பிறகு வரட்டும்.

தாங்கள் மறைந்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. நம் கடைக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் ஒன்று திறந்திருக்கிறார்கள். பேசுகிறவர்கள் போடும் சத்தத்தில் ஊர்க்குடும்பங்களின் செய்தியெல்லாம் எனக்கு விலையின்றிக் கிடைக்கிறது. கடைக்கு மேலிருக்கும் தங்கள் அறையை இன்னும் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. குப்பனூரிலிருந்து தங்கள் அம்மா வந்து துணிமணிகளை எடுத்துச் சென்றார். "இந்தக் கண்ணாடிக் கொழாயெல்லாம் எனக்கெதுக்குங்க. பெத்தவகிட்டப் பேசுனதக் காட்டிலும் அவன் இதுககிட்டப் பேசுனதுதான் அதிகம்" என்று சோதனைக் குழாய்களை என்னிடமே விட்டுப் போனார். நான் அவற்றில் ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொள்ளும் உரிமை இப்போது என் பக்கம் இருக்கிறது.

இம்மலரைப் புரட்டும் பிறருக்காக என்னைப் பற்றிச் சில சொற்கள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். எனக்குத் தமிழும் உலகமும் கற்பித்தவை, பொட்டலம் மடிப்பதற்காக என் அத்தா எடைக்கு வாங்கிப்போட்ட பழைய இதழ்கள். தலையங்கம், மருத்துவக் கேள்வி பதில், பயிர்ப் பாதுகாப்பு, எதுவாயினும் படிக்காமல் ஒரு தாளையும் மடிக்க மாட்டேன். "ஏம்மா, அவரு கடுகு வாங்க வந்தாரா, இல்ல நீ பரிச்சை பாஸ் பண்ணறதைப் பாக்க வந்தாரா?" என்று அத்தா கேட்பார். வந்தவர் நிற்பார். நான் பத்தியை முடித்துவிட்டுத்தான் கடுகைக் கொட்டுவேன். இப்படிக் கற்றவள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை ஒருபோதும் நான் மறைத்ததில்லை.

எழுபதுகளின் இறுதியில் தாங்கள் இப்பள்ளிக்கு வந்து எங்கள் மாடியறையில் குடியேறினீர்கள். அந்த வாரமே என்னை அக்கா என்று அழைத்தீர்கள். மாலையில் பள்ளி விட்டதும் அரிசி மூட்டையின் மேல் அமர்ந்து அன்றைய வகுப்பை எனக்கு நடித்துக் காட்டுவீர்கள். ஒன்பதாம் வகுப்பின் முதல் நாள் தாங்கள் கரும்பலகையில் ஒரு சொல்லும் எழுத மாட்டீர்கள். வீட்டில் உறுதியாகச் சொல்லும் செய்தி ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுவரச் சொல்வீர்கள். தவளை கத்தினால் மழை வரும் என்பான் ஒருவன். வெள்ளிக்கிழமை நட்ட வாழை குலை தள்ளாது என்பாள் ஒருத்தி.

"சரி சாமி. அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊட்டுல சொன்னாங்க சார்."

"ஊட்டுல சொன்னவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க ஊட்டுல சொன்னாங்க சார்."

"அப்ப யாரோ ஒருத்தர் மொதல்ல போயிப் பாத்திருக்கணும்ல. அவரு யாருன்னு தெரியல. இந்த வருசம் நாம போயிப் பாப்போம்."

பலாப்பழம் தின்று தேன் குடித்தால் ஆள் பிழைக்க மாட்டான் என்று ஒரு பிள்ளை சொன்னதை யார் சோதிப்பது என்ற கேள்வி எழுந்தது. தாங்களே சோதித்துவிட்டு மறுநாள் வகுப்பிற்குள் நுழைந்தீர்கள். சார் உயிரோடு வந்ததில் கடைசி வரிசையில் இருவருக்குச் சற்று வருத்தம் என்று தாங்கள் சொல்ல, அத்தா சிரித்துச் சிரித்துத் தராசைக் கவிழ்த்தார்.

அந்த ஆண்டில் நான் எந்த நிலையில் இருந்தேன் என்பது தங்களுக்குத் தெரியும். மணவாழ்வு முறிந்து அத்தாவின் கடைக்கே திரும்பி வந்திருந்தேன். உப்பு வாங்க வந்தவர்களும் "பாவம்" என்று ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போனார்கள். அப்போது என் கையில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. அது என் ஊறல்.

எஸ்டேட்டுகளில் காப்பிப் பழத்தை இயந்திரத்தில் போட்டுக் கொட்டையைப் பிரித்த பின் செந்தோல் குவிந்து கிடந்து அழுகும். அந்தத் தோலை உலர்த்திப் பானை நீரில் ஊறவைத்து, அந்நீரில் பீன்ஸ் விதையை ஓரிரவு போட்டெடுத்து விதைத்தால் முளை முந்தும், அழுகல் அண்டாது என்பது என் கண்டுபிடிப்பு. பழைய இதழொன்றின் கட்டுரையில் இதற்கான யோசனை கிடைத்தது. கட்டுரையின் மறுபாதி யாரோ ஒருவரின் புளியோடு போய்விட்டதால், எஞ்சியதை நானே சிந்தித்து நிரப்பினேன். புழக்கடையில் விதைத்தேன். அவ்வாண்டு கொடி கொள்ளாமல் காய்த்தது. அன்று முதல் செம்மநத்தத்திலிருந்தும் கிளியூரிலிருந்தும் விதை வாங்க வரும் குடியானவர்களுக்கு ஒரு பாட்டில் ஊறலை இலவசமாகக் கொடுத்து அனுப்பினேன்.

தங்கள் மாணவர்கள் வீட்டுப் பேச்சைச் சோதிக்கும்போது என் ஊறலையும் சோதிக்கட்டும் என்று கேட்டவள் நான்தான். தாங்கள் தயங்கினீர்கள்.

"சோதனைன்னா ரெண்டு பக்கமும் போகுங்கக்கா."

"போகட்டும் தம்பி. போறதைப் பாக்கத்தானே சோதனை."

இரண்டு ஆரஞ்சுப் பெட்டிகள். ஒரே குழியில் வெட்டிய மண். ஒரே சாக்கிலிருந்து கலந்து எடுத்த விதை. ஒரு பெட்டியின் விதை வெறும் நீரில் ஊறியது, மற்றதன் விதை என் ஊறலில். எது எது என்று எழுதிய சீட்டுகளைப் பெட்டிகளின் அடியில் தாங்களே ஒட்டினீர்கள். எண்ணுகிறவர்களுக்கு அது தெரியக் கூடாது என்றீர்கள். எண்ணுகிறவனுக்கு ஓர் ஆசை இருந்தால் அவன் கண் தானாகவே அந்தப் பக்கம் சாயும், அவன் நல்லவனாக இருந்தாலும் சாயும் என்று பிள்ளைகளிடம் சொன்னீர்கள். வகுப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த நான் அதைக் கேட்டு வியந்தேன். இவ்வளவு நேர்மையான ஒரு வேலை உலகில் இருக்கிறதா என்று எண்ணினேன்.

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "அக்கா, என்ன நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க? அதை இப்பவே சொல்லிரணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

நான் எழுந்து நின்றேன். "ஊறலில் நனைந்த விதைகள் முளைப்பதில் பின்தங்குமாயின், என் கூற்று தவறு என்று இவ்வகுப்பின் முன்னிலையில் ஏற்றுக்கொண்டு ஊறலைக் கைவிடுவேன்" என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். என்னைப் பெண் பார்த்தபோதும், திருப்பி அனுப்பியபோதும், எது நடந்தால் எதை ஏற்பாய் என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. என் சொல்லை முன்கூட்டியே கேட்டு அதை ஒரு பொருளாக மதித்தவர் தாங்கள் ஒருவரே. அன்று அப்படித்தான் நம்பினேன்.

முடிவு சொல்லும் நாளில் பெருநாளுக்கு எடுத்த நீலச் சேலையை உடுத்தி வந்தேன். ஒரு பெட்டியில் முளைகள் அடர்ந்து நின்றன. மற்றதில் பொக்கைவாய் போல் இடைவெளி. செம்மநத்தத்துப் பெண் மல்லிகா பெட்டியைச் சாய்த்து அடியிலிருந்த சீட்டைப் படித்தாள். அடர்ந்த பெட்டியில் "ஊறல்" என்றிருந்தது. "அக்கா செயிச்சுட்டாங்க" என்று தாங்கள் அறிவித்தீர்கள். வகுப்பு முழுவதற்கும் தேங்காய் மிட்டாய் வழங்கினேன். அன்றிலிருந்து இந்தக் கடைவீதியில் எனக்கு விஞ்ஞானியக்கா என்று பெயர்.

அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும், புதிய பிள்ளைகளைக் கொண்டு இன்னொரு முறை சோதிக்கலாமே என்று கேட்டேன். "நிரூபிச்சாச்சேக்கா, மறுபடி எதுக்குங்க" என்று பேச்சைத் திருப்பிவிட்டீர்கள். ஒரு சோதனை போதாது, வேறொருவர் செய்து பார்த்தும் அதே முடிவு வர வேண்டும் என்று ஆண்டுதோறும் கற்பித்தவர் தாங்கள். அப்போதாவது எனக்கு ஐயம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை போலும் என்று மகிழ்ந்துபோனேன்.

மல்லிகா இப்போது நம் பள்ளியிலேயே அறிவியல் ஆசிரியை. தங்கள் நாற்காலியில்தான் அமர்கிறாள். மலருக்காக நான் எழுதிய முதல் அஞ்சலியை வாங்கிக்கொள்ள அவளே கடைக்கு வந்தாள். ஆரஞ்சுப் பெட்டிகளின் கதையை அதில் விரிவாக எழுதியிருந்தேன். தங்கள் வாழ்வின் தலைசிறந்த பாடம் அது என்று குறிப்பிட்டிருந்தேன். அவள் நின்றபடியே படித்தாள். தாளை மடித்தாள். மறுபடி விரித்தாள்.

"அம்மா, இந்தப் பொட்டி விசயத்தை மட்டும் எடுத்துரலாங்களா?"

"ஏன் கண்ணு? அதுதானே அவரோட பாடம்."

"மத்ததெல்லாம் நொம்ப நல்லா இருக்குதுங்க. இது மட்டும் வேண்டாங்க."

"நடை சரியில்லையா?"

"நடைக்கென்னங்க. எங்க செட்டுப் பசங்க எல்லாரும் மலர் வாங்குவாங்கம்மா. படிச்சாங்கன்னா..." அவள் தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சிரிப்பாங்க."

கொத்தமல்லிக்காக மடித்துக்கொண்டிருந்த தாள் என் கையிலேயே நின்றது. எதற்குச் சிரிப்பார்கள் என்று கேட்டேன். அவள் படியிறங்கப் பார்த்தாள். சொல்லாமல் கடையை விட்டு இறங்க முடியாது என்றேன். அப்புறம் சொன்னாள்.

அன்று காலை நான் வருவதற்கு முன்பே தாங்கள் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தீர்களாம். அடர்ந்து முளைத்தது வெறும் நீர்ப் பெட்டி. அழுகியது என்னுடையது.

"அப்புறம் சார் எங்களப் பாத்து, 'அக்கா இப்பத்தான் ஒரு அடி வாங்கிட்டு வந்திருக்காங்க. இன்னொண்ணு வேண்டாம் கண்ணுகளா. சீட்டை மாத்திக்கலாம். யாரும் வெளிய வாயத் தொறக்கக் கூடாது'ன்னாருங்க. நான்தானுங்கம்மா எச்சித் தொட்டு ஒட்டினேன்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"வகுப்புக்கே தெரியுமுங்க. மிட்டாய் குடுத்தப்ப ஒருத்தன் மட்டும் வேண்டாம்னுட்டான். சளி புடிச்சிருக்கா சாமின்னு அவனுக்கு மிளகு குடுத்தீங்க."

அந்தப் பிள்ளைகள் இன்று லாரி ஓட்டுகிறார்கள், எஸ்டேட்டில் ரைட்டர் வேலை பார்க்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள். என் கடைக்கு வந்து, "விஞ்ஞானியக்கா, கால்கிலோ பருப்பு" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் எதை அறிந்து அப்படி அழைத்தார்கள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. தாங்களும் அரிசி மூட்டையின் மேலிருந்து அதே பெயரால் என்னை அழைத்திருக்கிறீர்கள். அழைக்கும்போது சிரித்தீர்களே, தம்பி. அந்தச் சிரிப்பை நான் எத்தனை காலம் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் அவமானத்தைவிடப் பெரிய அச்சம் ஒன்று அன்றிரவு என்னைப் பிடித்துக்கொண்டது. தங்கள் அறிவிப்பை நம்பி நான் ஆண்டுதோறும் மலைக்காட்டுக் குடியானவர்களுக்கு ஊறல் கொடுத்திருக்கிறேன். எத்தனை வீடுகளில் விதை அழுகியிருக்கும்? அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அடுத்த வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டுச் செம்மநத்தம் போனேன். மல்லிகாவின் தகப்பனார் பெரியசாமியும் அவர் பங்காளிகளும் களத்தில் அமர்ந்திருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் ஊறல் விதையைக் கெடுக்கிறது, இத்தனை ஆண்டும் அறியாமல் கொடுத்துவிட்டேன் என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியசாமி துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார்.

"ஏனுங்க, அதை நாங்க மொத வருசமே ஒரு மூலையில போட்டுப் பாத்தமுங்க."

"பார்த்துவிட்டு?"

"பாதி வெதை அழுகிப் போச்சுங்க. அப்புறம் போடலீங்க."

"ஆண்டுதோறும் பாட்டில் வாங்கிட்டுப் போனீங்களே?"

உள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "பாட்டலு நல்ல பாட்டலுங்க. சீமெண்ணைக்கு அதாட்டம் வராதுங்க."

பங்காளிகளில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து மாட்டைப் பார்க்கப் போனார். நான் பெரியசாமியிடம் கேட்டேன், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று.

"எப்படீங்க சொல்றது? நீங்க எடை குறைச்சதில்ல. தரமான வெதை குடுக்கறீங்க. அதுவுமில்லாம நீங்க படிச்சவங்க."

படித்தவள். அச்சொல்லுக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். அது என் கைக்கு வந்த இடத்தைப் பாருங்கள். ஒருவருக்கும் இழப்பு நேரவில்லை என்று இறைவனுக்கு நன்றி சொன்னேன். பஸ்ஸில் வரும்போதுதான் மற்றது உறைத்தது. இந்தச் சேர்வராயன் மலை முழுவதிலும் அந்த ஊறலை நம்பிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்தி மட்டுமே. எல்லோரும் சேர்ந்து, பேசிவைத்துக்கொள்ளாமலே, என்னை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

குடியானவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் என்னிடம் எந்த வாக்கும் கேட்டவர்கள் அல்லர். நீ கேட்டாய். எது நடந்தால் ஒத்துக்கொள்வாய் என்று கேட்டு, எழுப்பி நிறுத்தி, பிள்ளைகள் முன் சொல்லவைத்து, அந்தச் சொல்லைக் காப்பாற்றும் வாய்ப்பை மட்டும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய். ஊரெல்லாம் "பாவம்" என்றபோது, பாவம் பார்க்காத இடம் என்று நம்பி உன் வகுப்பிற்கு வந்தேனே. அங்கேயும் எனக்குக் கிடைத்தது அதேதானா? அன்று அந்தப் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டு போனார்கள்? ஆள் நொந்திருந்தால் உண்மையை எச்சில் தொட்டு மாற்றி ஒட்டலாம் என்றா? காமாலையில் மஞ்சளாகச் சேலம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, விடைத்தாள் திருத்தவில்லையே என்று என்னிடம் கவலைப்பட்டாய். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அப்போதும் உனக்கு இது நினைவுக்கு வரவில்லையா?

நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனமில்லை. அப்படியே இருக்கட்டும்.

மல்லிகாவிடம் போய், உன் ஒன்பதாம் வகுப்பில் இந்தச் சோதனையை மறுபடி வை என்றேன். "இனி எதுக்குங்கம்மா, தெரிஞ்சதுதானே" என்றாள். "உனக்குத் தெரியும். உங்கப்பாவுக்குத் தெரியும். பார்க்க வேண்டியவள் நான்தான், நான் இன்னும் பார்க்கவில்லை" என்றேன். பிறகு, "நான் சீட்டுப் பக்கமே வர மாட்டேங்கம்மா. பிள்ளைகளே ஒட்டட்டும், பிள்ளைகளே பிரிக்கட்டும்" என்றாள். இப்போது ஆரஞ்சுப் பெட்டி கிடைப்பதில்லை. சோப்புப் பெட்டிகளில் மண் நிரப்பினோம். விதை நான் கொண்டுபோனது. ஊறலும் நான் கொண்டுபோனது, அத்தாவின் காலத்துப் பானையிலிருந்து.

முடிவு சொல்லும் நாளில் மல்லிகா வராந்தாவிலேயே நின்றுகொண்டாள். சீட்டைப் பிரித்தவள் கிளியூர்ப் பெண். தாயார் எஸ்டேட்டில் பழம் பறிக்கிறார். என்னைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. முதல் சீட்டைப் படித்தாள். இரண்டாவதையும் படித்தாள். பிறகு வாசலில் டீச்சர் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளும் தேடிக்கொண்டிருந்தாள்.

"அங்க பாக்காத கண்ணு. என்னப் பாத்துச் சொல்லு."

"கோவிச்சுக்குவீங்களா?"

"மாட்டேன்."

"உங்க தண்ணியில போட்டதுதானுங்க அழுகிப் போச்சு. பச்சத்தண்ணியில போட்டது நல்லா வந்திருக்குதுங்க."

அவ்வளவுதான், தம்பி. அதைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சுக்கூட முழுதாக ஆகவில்லை.

நான் எழுந்து, என் கூற்று தவறு என ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். இம்முறை யாரும் கை தட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்கள். கிளியூர்ப் பெண் மட்டும் பெட்டியை விட்டு நகராமல் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, ஒருதடவதானே பாத்திருக்கோம். இன்னொருக்கா போட்டுப் பாக்கலாங்களா? தண்ணியக் கொஞ்சமாக் கலந்தா அழுகாதோ என்னமோ" என்றாள். "அப்ப மூணு பொட்டி வேணும்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "நாலு" என்றது இன்னொரு குரல். என்னை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டே, என்னை மறந்துவிட்டு, எத்தனை பெட்டி என்று சண்டை போடத் தொடங்கிவிட்டார்கள்.

என் மனம் உடைந்துபோகும் என்று அஞ்சினீர்கள் அல்லவா? எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பசித்தது. வீட்டிற்குப் போய் வழக்கத்தைவிட இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன். அந்தப் பிள்ளை ஒரு மூச்சில் சொல்லி முடித்ததைத் தாங்கள் அன்றே சொல்லியிருந்தால், இப்படி ஒரு பசியோடு நான் பல ஆண்டுகளுக்கு முன்பே வீடு திரும்பியிருப்பேன். அதற்கடுத்த வாரம் வேறொரு ஊறலோடு வந்து நின்றிருப்பேன். அதுவும் தவறினால் இன்னொன்று. அந்த ஆண்டுகளைத்தான் நான் தங்களிடம் கேட்கிறேன். ஊறல் போனதைப் பற்றிக் கேட்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டிய இடம் இது. தலைமையாசிரியர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, சில பத்திகளை நீக்கினால் மலருக்கு அழகாக இருக்கும் என்றும் நயமாகச் சொல்லிப் பார்த்தார். முழுவதும் போடுங்கள், இல்லையேல் ஒன்றுமே போட வேண்டாம் என்றேன். மன்னித்தேனா என்பது எனக்கே இன்னும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதத் தங்கள் வகுப்பின் ஓரத்து நாற்காலியில் நான் கற்கவில்லை.

ஒன்று மட்டும் உறுதி கூறுகிறேன். அடுத்த சோதனை இம்மாதமே தொடங்குகிறது. பெட்டிகள் நான்கு என்று முடிவாகியிருக்கிறது. அதில் எது வந்தாலும் நின்றுகொண்டே கேட்பேன். நான் இருக்கும்வரை ஒவ்வோர் ஆண்டும் நான் நம்பும் ஒன்றைக் கொண்டுபோய் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முன் வைப்பேன். அவர்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தால், என்னைப் பார்த்துச் சொல்லும்படி கேட்பேன்.

தங்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அன்று அந்த ஊறலைக் கொண்டுவந்தவள் கடைக்காரரின் மகளாக இல்லாமல், சேலத்திலிருந்து வந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவராக இருந்திருந்தால், சீட்டை மாற்றி ஒட்டியிருப்பீர்களா?

இதற்கு மட்டும் தாமதமின்றிப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உடன்பிறவா அக்காள்
கதீஜா